இன்ஸ்பெக்டரம்மாவின் மதியச் சாப்பாடு

லிஃப்ட் மெக்கானிக்கின் மகளுக்கு இரண்டரை வயது. வீட்டில் அவளுக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர். தட்டில் எதை வைத்தாலும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு முதலில் குனிந்து பார்ப்பாள். பிறகு ஒரு விரலால் தொடுவாள். அந்த விரலை முகர்ந்து பார்ப்பாள். அதற்குப் பிறகுதான் தீர்ப்பு. வருடத்துக்கு ஒருமுறை லிஃப்டுகளைச் சோதிக்க வரும் அதிகாரியும் இதே ரகம்தான். ஆனால் அவர் பத்து லிஃப்டில் எட்டுக்காவது கையெழுத்துப் போட்டுவிடுவார். இவளிடம் பத்துக்கு இரண்டு தேறினால் அன்றைக்கு நல்ல நாள்.

உருளைக்கிழங்கு தேறும், மசித்துவிட்டால் தேறாது. முட்டையில் வெள்ளை தேறும்; மஞ்சள் கண்ணிலேயே படக்கூடாது. ஆப்பிளைத் தோலோடு கொடுத்தால் “சட்டை போட்டிருக்கு” என்று தள்ளிவிடுவாள். தோலைச் சீவிக் கொடுத்தால், கொஞ்ச நேரத்தில் அது பழுப்பேறியதும் “அழுக்கு” என்பாள். பட்டாணி சோற்றைத் தொடக்கூடாது. தொட்டுவிட்டதோ, அன்றைக்குப் பட்டாணியும் போச்சு, சோறும் போச்சு.

இப்படிப்பட்ட இன்ஸ்பெக்டருக்குத் தினமும் மதியச் சாப்பாடு கட்டி அனுப்பும் வேலை மெக்கானிக்கின் தலையில் வந்து விழுந்தது. விழுந்தது என்று சொல்வதும் சரியில்லை. அவனே கையை நீட்டி வாங்கிக்கொண்டான்.

மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. காலை ஏழு மணிக்கு அங்கே வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்றால் ஆறேகாலுக்கு வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். அவன் வீட்டிலும் சரி, அவள் வீட்டிலும் சரி, பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். கடைசித் தேர்வின்போது இன்ஸ்பெக்டர் வயிற்றில் ஏழு மாதம். பெஞ்சுக்கும் மேசைக்கும் நடுவில் வயிறு நுழையவில்லை. மூன்று மணி நேரம் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்தே எழுதினாள். அவன் கேட்டுக்கு வெளியே, டூல் பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். அதற்கு முந்தைய இரண்டு மாதமும் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் கேள்வி கேட்பான், அவள் துணி மடித்துக்கொண்டே பதில் சொல்வாள். பாதிச் சொற்கள் அவன் வாயில் நொண்டியடிக்கும். “நீங்க அதைக் கொலை பண்ணாதீங்க, ஸ்பெல்லிங் சொல்லுங்க, போதும்” என்பாள். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் அவன். ஆனால் ரத்தத்தை இயந்திரத்தில் வைத்து எத்தனை நிமிடம் சுற்றவிட வேண்டும் என்று கேட்டால் இன்றைக்கும் தூக்கத்தில் சொல்லுவான்.

பட்டம் வாங்கிய படத்தைச் சுவரில் மாட்டியபோது ரசமட்டம் வைத்துப் பார்த்தான். ஒரு ஸ்க்ரூ போதுமான இடத்தில் நான்கு அடித்தான். “வீடு இடிஞ்சாலும் படம் விழாது” என்று அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. அது விழக்கூடாத படம்.

அதனால்தான் வேலைக்கான கடிதம் வந்த அன்று, “பாப்பா சாப்பாட்டை நான் பாத்துக்கிறேன். நீ அதைப் பத்தி நினைக்கவே கூடாது” என்று சொல்லிவிட்டான்.

குழந்தைகள் காப்பகம் இரண்டு தெரு தள்ளி, ஒரு மாவு மில்லுக்கு மேல்மாடியில் இருந்தது. பொறுப்பாளர் அம்மா மூக்குக்கண்ணாடியை நூலில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். முதல்நாளே சட்டத்தைச் சொல்லிவிட்டார்.

“பாருங்க சார், பன்னெண்டு பிள்ளைங்க ஒரே ரூம்ல தூங்குதுங்க. பசியோட ஒண்ணு முழிச்சுக்கிட்டு இருந்தா மிச்சம் பதினொண்ணையும் எழுப்பி விட்டுடும். மூணு வாரம் பழகட்டும். அதுக்குள்ள சாப்பிட்டுத் தூங்கலைன்னா, மதியம் பன்னெண்டு மணி வரைக்கும்தான் வச்சுக்க முடியும். அப்புறம் நீங்க வந்து கூட்டிட்டுப் போயிடணும்.”

பன்னிரண்டு மணியா? அந்த நேரத்தில் அவன் ஏதாவது ஒரு கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் நிற்பான். மனைவியோ மூன்று மணிவரை பரிசோதனைக்கூடத்தை விட்டு நகர முடியாது. அவளை மூன்று மாதச் சோதனை வேலையில்தான் எடுத்திருந்தார்கள். அரைநாள் வேலை என்ற பேச்சே அங்கே கிடையாது. ஆக, இன்ஸ்பெக்டர் சாப்பிட்டால் அம்மாவுக்கு வேலை உண்டு, சாப்பிடாவிட்டால் இல்லை. நான்கு ஸ்க்ரூவில் தொங்கும் அந்தப் படம் இப்போது ஒரு பிடி சோற்றில் தொங்கியது.

முதல்நாள் மக்ரோனியும் வேகவைத்த கேரட்டும் வைத்தான். எவர்சில்வர் பெட்டி, நீள்சதுரம், உள்ளே தடுப்பு, இரண்டு பக்கமும் கிளிப். இன்ஸ்பெக்டருக்குப் பிடித்த பெட்டி. கடையில் அவளே கை காட்டி எடுத்தது. சாயங்காலம் திரும்பி வந்தபோது பாதி காலியாகியிருந்தது. ஆனால் கேரட் தண்ணீர் ஒழுகி, பையிலிருந்த மாற்று கவுனும் துவாலையும் ஆரஞ்சு நிறத்தில் ஊறிக் கிடந்தன.

பாதி சாப்பிட்டதற்காக மனைவி மகளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். அவன் கண்ணில் கவுன்தான் பட்டது. பதினான்கு வருடம் வேலை பார்க்கிறான். அவன் பூட்டிய எந்தப் பாகத்திலிருந்தும் ஒரு சொட்டு எண்ணெய் கசிந்ததாக யாரும் சொன்னதில்லை. தன் பிள்ளை பையே ஒழுகுவதா?

சமையல் மேடையில் டூல் பையைத் திறந்து குறட்டை எடுத்தான். இரண்டு கிளிப்பின் நாக்கையும் கொஞ்சம் வளைத்தான். பெட்டியில் தண்ணீர் ஊற்றி மூடி, சிங்க்குக்கு மேல் தலைகீழாகப் பிடித்தான். ஒரு சொட்டு. இன்னும் கொஞ்சம் வளைத்தான். மறுபடி பிடித்துக் குலுக்கினான். சுத்தம். சொட்டுக்கூட இல்லை.

“ஏங்க, அது சாப்பாட்டு டப்பா. ஏழு பேரை ஏத்திக்கிட்டு மேல போகப் போறது இல்ல.”

“எதுவா இருந்தாலும் ஒழுகக்கூடாது.”

மறுநாளிலிருந்து பெட்டி போன மாதிரியே திரும்பி வந்தது.

தொடாத சோறு, தொடாத காய், ஒரு கடி கூடப் படாத ரொட்டி. கூடவே பொறுப்பாளர் அம்மாவின் துண்டுச் சீட்டு: இன்றும் சாப்பிடவில்லை. ஒரு டம்ளர் பால் மட்டும் குடித்தாள். தூங்கவில்லை.

மெக்கானிக் அசரவில்லை. பழுது பார்ப்பதில் அவனுக்கு ஒரு முறை உண்டு. லிஃப்ட் மக்கர் பண்ணினால், எந்த நாள், எந்த மாடி, அதற்கு முன்னால் யார் எதைத் தொட்டார்கள் என்று எழுதி வைப்பான். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவான். இரண்டை ஒன்றாக மாற்றிவிட்டால், எது சரி செய்தது, எது கெடுத்தது என்று தெரியாமல் போய்விடும் என்பது அவன் கட்சி. அதேபோல ஒரு பழைய குறிப்பேட்டில் மகளின் சாப்பாட்டை எழுத ஆரம்பித்தான். செவ்வாய்: சோறு, பட்டாணி தனியாக. பூஜ்யம். புதன்: சோறு மட்டும். பூஜ்யம். வியாழன்: முதல்நாள் வைத்த அதே மக்ரோனி, அதே கேரட். பூஜ்யம்.

இந்த மக்ரோனிதான் அவனைக் குடைந்தது. திங்கட்கிழமை பாதி தின்றவள் வியாழக்கிழமை அதே சாமானை ஏன் தொடவில்லை?

அதைவிடக் குடைந்தது இன்னொன்று. மூன்றரைக்கு மகளை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வரும் மனைவி, பெட்டியை அப்படியே எடுத்துப்போய், உள்ளே இருப்பதைத் தட்டில் கொட்டிக் கூடத்துக்குக் கொண்டுவந்து வைப்பாள். இன்ஸ்பெக்டர் பார்ப்பதில்லை, முகர்வதில்லை. அள்ளி அள்ளித் தின்பாள். காப்பகத்தில் ஆகாத அதே சோறு வீட்டில் ஆகிறது.

கூட வேலை செய்பவனுக்குச் சத்தம் என்று பட்டப்பெயர். லிஃப்ட் வேலையில் எப்போதும் இரண்டு பேர் ஜோடி; ஒருவன் கீழே குழியில் நின்றால் மற்றவன் மேலே மெஷின் ரூமில். சத்தம் மேலே இருந்து பேசினால் கீழே குழிவரை கேட்கும், போன் தேவையில்லை.

“என்ன மாப்ள, இன்னைக்கு ரிசல்ட் என்ன?”

“பூஜ்யம்.”

“என்ன வச்ச?”

“ரொட்டியைப் பல்சக்கரம் மாதிரி வெட்டி வச்சேன்.”

மேலே கொஞ்ச நேரம் சிரிப்புச் சத்தம் மட்டும் வந்தது. “பல்சக்கரமா? கிரீஸ் தடவினியா, வெண்ணெய் தடவினியா?”

“வாயை மூடிக்கிட்டு கயித்தைப் பாரு.”

“கோவிச்சுக்காத. என் வீட்டம்மாவைக் கேக்கட்டுமா? மூணு பேரைச் சோறூட்டி வளத்தவ. பிள்ளைங்க விஷயத்துல கரைகண்டவ.”

“வேணாம். நானே கண்டுபிடிக்கிறேன்.”

இரண்டாவது வாரம் தலைகீழாக நின்று பார்த்தான். வெள்ளரிக்காயைச் சில்லு சில்லாக வெட்டினான். வாழைப்பழத்தை வட்டமாக நறுக்கினான்; கறுத்துவிட்டது. மறுநாள் உரிக்காமலேயே வைத்தான். சீஸைச் சதுரமாக, கோழியை நாராக, உருளைக்கிழங்கை அவள் விரல் நீளத்துக்கு அளந்து. காலை ஐந்தரைக்கு எழுந்துவிடுவான். மனைவி கோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே, “நான் ஒரு நாள் கட்டித் தரட்டுமா?” என்பாள். “நீ கிளம்பு, நான் பாத்துக்கிறேன்” என்பான். குறிப்பேட்டில் பூஜ்யங்கள் வரிசை கட்டி நின்றன. ஒன்பது.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் மகள் கூடத்தில் தட்டைக் காலி செய்துகொண்டிருந்தாள். மனைவி குறிப்பேட்டைப் புரட்டினாள். பரிசோதனை முடிவுகளைப் படித்துப் பழகிய கண்; ஒரு பார்வையில் முடிந்துவிட்டது.

“சாப்பாட்டுல குத்தம் இல்லைங்க. வீட்டுல இதையேதான் திங்குறா.”

“அப்ப எதுல?”

“அந்த இடம் அவளுக்குப் பிடிக்கலையோ என்னவோ. நம்மளை விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு நினைக்கிறாளோ.” கொஞ்சம் நிறுத்தி, குறிப்பேட்டை மூடினாள். “நான் வேணா வேலையை விட்டு நின்னுடட்டுமா? இன்னும் ரெண்டு வருசம் போனா ஸ்கூலுக்குப் போயிடுவா. அப்புறம் பாத்துக்கலாம்.”

மிகச் சாதாரணமாகத்தான் சொன்னாள். கடைக்குப் போகட்டுமா என்று கேட்கிற மாதிரி. அந்தச் சாதாரணம்தான் அவனுக்குப் பொறுக்கவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வருவதாகச் சொல்லிக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றான். பிள்ளையைப் பட்டினி போட்டுத்தான் இந்தப் பெருமை வேண்டுமா? மனைவி படித்ததில் அவளைவிடத் தனக்குத்தான் அதிகப் பெருமையோ? அதற்காகத்தான் இந்தக் குழந்தையை மாவு மில் மாடியில் உட்கார வைத்துப் பாடாய்ப் படுத்துகிறோமோ? வெளியே வந்து, “இன்னும் ஒரு வாரம் இருக்கு. அதுவரைக்கும் அந்தப் பேச்சை எடுக்காத” என்று மட்டும் சொன்னான்.

மூன்றாவது வாரம் திங்கள், பூஜ்யம். செவ்வாய், பூஜ்யம். புதன்கிழமை காலை மகளை விடப் போனபோது பொறுப்பாளர் அம்மாவிடம், “மேடம், அவ சாப்பிடுற நேரத்துல நான் ஒரு தடவை பாக்கணும்” என்றான்.

“அப்பா அம்மாவைப் பாத்தா எல்லாப் பிள்ளைங்களும் அழும் சார். அதனாலதான் விடுறதில்ல.”

“அவளுக்குத் தெரியாம. மெஷின் ஓடுறப்பப் பாக்காம கோளாறைக் கண்டுபிடிக்க முடியாது மேடம்.”

மேடம் கண்ணாடியைக் கழற்றி அவனை ஒருமுறை பார்த்தார். “பிள்ளையை மெஷின்னு சொல்லாதீங்க. பன்னெண்டுக்கு வாங்க. சமையலறைக் கதவுல கண்ணாடி இருக்கு, அதுவழியா பாருங்க.”

பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே வந்துவிட்டான். பக்கத்துத் தெரு கட்டடத்தில் வேலை. சத்தத்தை மேலேயே விட்டுவிட்டு, இடுப்பில் டூல் பட்டையோடு ஓடிவந்திருந்தான். சமையலறைக் கதவில் தட்டு அளவுக்கு ஒரு வட்டக் கண்ணாடி. மூக்கு படாமல் பார்த்தான்.

முழங்கால் உயரத்துக்கு ஒரு நீள மேசை. பன்னிரண்டு நாற்காலி, பன்னிரண்டு பிள்ளைகள், முன்னால் பன்னிரண்டு பெட்டிகள். காப்பகத்து அக்கா கையைத் தட்டினாள். “ஆரம்பிக்கலாமா? அவங்கவங்க பெட்டியை அவங்கவங்களே திறங்க பாப்போம்!”

அதுதான் அந்த மேசையின் வழக்கம். யார் பெட்டியையும் யாரும் திறந்து கொடுப்பதில்லை. முடியாதவர்கள் கேட்டால்தான் அக்கா வருவாள். திறந்த மூடியைப் பெட்டிக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டும். டப் டப் என்று பெட்டிகள் திறந்தன. ஒருத்தன் திறந்துவிட்டுத் தனக்குத்தானே கை தட்டிக்கொண்டான்.

இன்ஸ்பெக்டர் தன் பெட்டியை இழுத்து வைத்துக்கொண்டாள். கட்டைவிரலைக் கிளிப்புக்கு அடியில் நுழைத்து நெம்பினாள். வரவில்லை. பெட்டியைத் திருப்பி, அடுத்த கிளிப்பை நெம்பினாள். வரவில்லை. பெட்டியை மடியில் வைத்து முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்தாள். கன்னம் இரண்டும் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்தது. பல்லை வைத்துப் பார்த்தாள். அழவில்லை. யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்துப் பிள்ளை தன் ரொட்டியில் பாதியை முடித்துவிட்டிருந்தது. இவள் இன்னும் நெம்பிக்கொண்டிருந்தாள்.

அக்கா வந்து குனிந்து, ஒரே இழுப்பில் இரண்டு கிளிப்பையும் எடுத்துவிட்டுப் போனாள்.

இன்ஸ்பெக்டர் திறந்த பெட்டியைப் பார்த்தாள். உள்ளே இருந்த உருளைக்கிழங்கை அல்ல, மூடியைப் பார்த்தாள். பிறகு மூடியை எடுத்து, பெட்டிமேல் வைத்து, முழு உடம்பையும் அதன்மேல் சாய்த்து, டக் டக் என்று இரண்டு பக்கமும் மூடினாள். “நானே” என்றாள். மறுபடி நெம்பினாள். வரவில்லை. பெட்டியை மேசையின் நடுவுக்குத் தள்ளிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள்.

“இதான் சார், தினமும் இதேதான்,” அக்கா சமையலறைக்கு வந்து மெதுவாகச் சொன்னாள். “திறந்து குடுத்தா மூடிடுறா. தள்ளி விட்டுடுறா. உள்ள இருக்கறது பிடிக்கலை போலன்னு நாங்க நினைச்சோம்.”

குறிப்பேட்டின் பக்கங்கள் மனதுக்குள் படபடவென்று புரண்டன. சோறு, பட்டாணி, ரொட்டி, வெள்ளரிக்காய், அத்தனையும் எழுதியிருந்தான். திங்கட்கிழமை சாயங்காலம் குறட்டை எடுத்து இரண்டு கிளிப்பையும் இறுக்கியதை மட்டும் எழுதவில்லை. அடுத்தவர்கள் எதைத் தொட்டார்கள் என்று விசாரிக்கத் தெரிந்தவனுக்குத் தன் கை தொட்டது கணக்கிலேயே வரவில்லை. ஒரு நேரத்தில் ஒன்று என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, சாப்பாட்டையும் மாற்றி, பெட்டியையும் மாற்றியிருக்கிறான்.

“அந்தப் பெட்டியை எடுத்துட்டு வர முடியுமாக்கா? தொடைக்கிறேன்னு சொல்லி.”

அக்கா கொண்டுவந்தாள். அவன் இடுப்புப் பட்டையிலிருந்து குறட்டை உருவினான். பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் பிரேக்கைச் சரி செய்யும்போதுகூட இவ்வளவு நிதானம் காட்டியதில்லை. இரண்டு கிளிப்பின் நாக்கையும் ஒரு மயிரிழை தளர்த்தினான். மூடி, தன் சுண்டுவிரலால் நெம்பிப் பார்த்தான். அவன் சுண்டுவிரல் பலம்தான் அவள் கட்டைவிரலுக்கு இருக்கும் என்று ஒரு கணக்கு. வரவில்லை. இன்னும் ஒரு மயிரிழை. இப்போது வந்தது. சும்மா வந்துவிடவில்லை, கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டுத்தான் வந்தது. அது போதும். அதற்கும் மேல் தளர்த்தினால் அவளுக்கே பிடிக்காது என்று தோன்றியது.

“மூடியபடியே வைங்கக்கா. ஒண்ணும் சொல்லாதீங்க.”

பெட்டி மேசைக்குத் திரும்பியது. இன்ஸ்பெக்டர் அதைச் சந்தேகமாகப் பார்த்தாள். கைகளைப் பின்னால் கட்டினாள். குனிந்தாள். ஒரு விரலால் தொட்டாள். கதவுக்கு இந்தப் பக்கம் ஒருவன் மூச்சு விடாமல் நின்றான்.

கட்டைவிரல் உள்ளே போனது. கன்னம் சிவந்தது.

டக்.

அவள் ஒரு கணம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பெட்டியைத் திருப்பினாள். டக். மூடியை எடுத்துப் பெட்டிக்கு அடியில், மூலைக்கு மூலை பொருந்த வைத்தாள். பிறகு மேசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லோரும் பார்த்துவிட்டார்களா என்று சரிபார்த்த பிறகுதான் முதல் உருளைக்கிழங்கு வாய்க்குப் போனது. முட்டையில் எங்கேயோ மஞ்சள் ஒட்டியிருந்திருக்கிறது. அதை மட்டும் எடுத்து மேசைமேல் தனியே ஒதுக்கி வைத்தாள். மிச்சத்தைத் தின்றாள்.

பொறுப்பாளர் அம்மா பின்னால் வந்து நின்றது அவனுக்குத் தெரியவில்லை.

“சார், அழறீங்களா?”

“இல்ல மேடம். வெங்காயம்.”

“இங்க யாரும் வெங்காயம் நறுக்கலையே.”

“அப்ப மாவு மில்லு தூசி.”

மேடம் சிரித்தார். ஆனால் சட்டம் சட்டம்தான். “சாப்பிட்டுட்டா, சந்தோசம். தூங்கணுமே சார். வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்போம்.”

அன்றைக்கு இன்ஸ்பெக்டர் தூங்கவில்லை. தூக்கமா வரும்? படுக்கையிலிருந்து எழுந்துபோய், அடுக்கி வைத்திருந்த மற்றவர்களின் காலிப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்திருக்கிறாள். பதினொன்றும் திறந்தாகிவிட்டது.

சாயங்காலம் அவன் கதையைச் சொல்லச் சொல்ல மனைவி சமையல் மேடையில் ஏறி உட்கார்ந்தே கேட்டாள். அக்கா திறந்து கொடுத்த பெட்டியை மகள் மறுபடி மூடிய இடம் வந்ததும், “மூடிட்டாளா? பசியோடயா?” என்று நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள்.

“பசியோடதான். நானேன்னா நானேதான்னு உக்காந்துட்டா.”

“யாரு மாதிரியாம் அது?”

“யாரு மாதிரி?”

“ரெண்டரை வாரமா, நான் கட்டித் தரட்டுமான்னு கேட்டா, நான் பாத்துக்கிறேன். சத்தம் அண்ணன் கேட்டா, நானே கண்டுபிடிக்கிறேன். இன்ஸ்பெக்டர் என்ன ஆகாசத்துல இருந்தா குதிச்சா?”

மூன்று மணி நேரம் பக்கவாட்டில் உட்கார்ந்து தேர்வு எழுதினவளும் இந்த வீட்டில்தான் இருக்கிறாள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, ஆனால் நினைத்தபோது உள்ளே என்னமோ நிறைந்தது.

வியாழக்கிழமை காலை வேறொரு சோதனை. தளர்த்திய பெட்டியில் தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்துப் பார்த்தான். சொட்டியது. பழக்க தோஷத்தில் கை குறட்டைத் தேடிப் போயிற்று. பாதி வழியில் நின்றது. பழைய துவாலை ஒன்றை எடுத்து நான்காக மடித்து, பைக்கு அடியில் விரித்தான். காய்களை நன்றாகத் தண்ணீர் வடித்து வைத்தான். பட்டாணி, உருளைக்கிழங்கு, மஞ்சளை முழுசாக எடுத்துவிட்ட முட்டை. ரொட்டி சாதாரண ரொட்டி, பல்சக்கரம் கிடையாது. கட்டி முடிக்கப் பத்து நிமிடம் ஆனது. இவ்வளவுதானா என்று அவனுக்கே வெட்கமாக இருந்தது.

“உன் பொண்ணு பை ஒழுகுது மாப்ள,” என்றான் சத்தம், வேலைக்குச் சேர்ந்து போகக் காப்பகத்து வாசலில் காத்திருந்தவன், பையைப் பார்த்துவிட்டு. “தலைமை மெக்கானிக் வீட்டுப் பை!”

“ஒழுகட்டும்டா.”

சத்தம் வாயடைத்துப்போனான். அது அபூர்வம்.

வியாழன் முக்கால் பெட்டி காலி. ஆனால் தூங்காமல் புரண்டுகொண்டே இருந்தாள் என்றது சீட்டு.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டே முக்காலுக்கு அவன் ஒரு கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் நின்றுகொண்டிருந்தான். போன் அடித்தது. காப்பகம். எடுப்பதற்குள் அவனுக்கு வியர்த்துவிட்டது.

“சார்,” மேடத்தின் குரல் கிசுகிசுப்பாக வந்தது. அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி அவன் கேட்டதில்லை. “முழுசா சாப்பிட்டா. பத்து நிமிசம் முன்னாடி தூங்கிட்டா. வாயைத் திறந்துக்கிட்டு, அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறா. திங்கள்ல இருந்தும் முழு நாள் வச்சுக்கிறேன். வச்சிடுறேன், சத்தத்துல எழுந்திடப் போறா.”

“என்ன மாப்ள, என்ன ரிசல்ட்?” மேலே மெஷின் ரூமிலிருந்து குரல் இடித்தது.

“மெதுவா பேசுடா, பாப்பா தூங்குறா!”

இரண்டு தெரு தள்ளித் தூங்குகிறவளுக்காக, பன்னிரண்டு மாடிக்கு மேலே இருந்த சத்தமும் குரலைத் தணித்துக்கொண்டான்.

மனைவிக்குப் போன் போட்டான். பின்னால் மெஷின்கள் ஓடும் சத்தம். வேலை நேரத்தில் அவன் கூப்பிட்டதே இல்லை, அதனால் அவள் எடுத்ததும், “என்னாச்சு?” என்றாள்.

“தூங்குறா.”

மறுமுனையில் ரத்தம் சுற்றும் இயந்திரத்தின் உறுமல் மட்டும் கேட்டது. அது எத்தனை நிமிடம் ஓடும் என்று அவனுக்குத் தெரியும்.

“சாப்பிட்டாளா?”

“முழுப் பெட்டி.”

“யாரு திறந்தது?”

“வேற யாரு?”

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. “சரி, இருங்க,” என்றவள் போனைத் துண்டிக்காமல் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். குழிக்குள் நின்றபடி அவன் காதில் வைத்துக்கொண்டே இருந்தான். தன் மேலதிகாரியிடம் அவள் பேசுவது தூரத்தில் கேட்டது. குரலில் தயக்கமில்லை.

“மேடம், அடுத்த மாச டியூட்டி லிஸ்ட்ல, நான் சொல்ற வரைக்கும் என் பேரை எழுதாம வச்சிருந்தீங்கல்ல? எழுதிக்கங்க. எல்லா நாளும் எழுதிக்கங்க.”